அவன் கையில் ஒரு வரைபடம், என் சுவரில் ஒரு வரைபடம்

2012ஆம் ஆண்டு கோடை. சுவிஸில், இன்டர்லாக்கன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அதிகம் கதைக்கவும் மாட்டேன். அங்கே கதைக்கத் தேவையும் இல்லை. பெரிய படுக்கை விரிப்புகளைத் தனியாக மடிக்க முடியாது. ஒரு பக்க முனைகளை நானும் மறுபக்க முனைகளை இன்னொருவரும் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். அந்த இன்னொருவர் ஹங்கேரி நாட்டுப் பெண். சமையலறைத் தமிழ்ப் பொடியன்களைப் பார்த்து, அவளும் என்னை "அக்கா" என்றே கூப்பிடுவாள்.

அவளுடைய தம்பி ஊரிலிருந்து அங்கே வேலைக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். கையில் பெரிதாக ஏதோ பச்சை குத்தியிருந்தான்.

"அக்கா, உங்கட புது ஆள் கையில ஈரல் துண்டு குத்தி வைச்சிருக்கிறான், பாத்தனீங்களோ?" என்று சமையலறைப் பொடியன் ஒருவன் பகிடி விட்டான்.

அது ஈரல் இல்லை, தங்கள் நாட்டின் பழைய வரைபடம் என்று அவள் சொன்னாள். முதல் உலகப் போருக்குப் பிறகு நாட்டை வெட்டிச் சுருக்கிவிட்டார்களாம். கம்யூனிஸ்ட் ஆட்சியில் அதைப் பற்றி வாய் திறக்க முடியாதாம். அந்த ஆட்சி போனதும், அப்பா வேலை செய்த இரும்பு ஆலையும் மூடிப்போனது. வேலையில்லாமல் நின்ற பொடியன்களிடம் ஒரு கட்சி வந்து, எல்லாவற்றுக்கும் காரணம் ஜிப்சிகளும் வெளிநாட்டவர்களும்தான் என்றதாம். இவனும் கறுப்பு உடுப்புப் போட்டு, ஜிப்சி சனங்களின் தெருவில் அணிவகுத்துப் போயிருக்கிறான்.

"திரும்பிப் போனா அந்தக் கூட்டத்தோடதான் நிப்பான் அக்கா" என்று கண் கலங்கினாள்.

முதல் நாள் அவனை என்னோடு மடிக்க விட்டார்கள். என் கறுத்த முகத்தைப் பார்த்தான். முனையைக் கீழே போட்டுவிட்டு, மேசையில் தனியே மடிக்கத் தொடங்கினான். எல்லாம் கசங்கிப்போனது. எங்கள் பகுதிப் பொறுப்பாளர், நாங்கள் செஃப் அம்மா என்று கூப்பிடுபவர், வந்து பார்த்தார்.

"உங்களோட வேலை செய்யமாட்டன் எண்டவனோ? சொல்லுங்கோ, இண்டைக்கே அனுப்பிறன்."

அவனுடைய அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபமும் இல்லாமல் இல்லை.

"ஓம், முனையைப் போட்டவர்தான். ஒரு கிழமை விடுங்கோ, நான் பழக்கிறன்" என்றேன். செஃப் முன்னால் அவ்வளவு நீளமாக நான் கதைத்ததே இல்லை.

அடுத்த நாள் அவன் முனையைப் பிடித்தான். ஆனால் ஓர் அடி தள்ளி நின்று, துணியை என் கைக்கு எறிவான். விரல் பட்டுவிடக் கூடாது என்று. போகப் போக அந்த ஓர் அடியும் குறைந்தது.

குளிர் தொடங்கிய சமயம், ஓர் அலுமாரி தூக்கித் தர அக்காவும் தம்பியும் என் வீட்டுக்கு வந்தார்கள். அலுமாரியை வைத்துவிட்டு நிமிர்ந்தவன், என் சுவரில் இருந்த தமிழீழ வரைபடத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"உங்கட நாட்டையும் வெட்டிட்டாங்களோ?"

"எங்களுக்கு அது கிடைக்கவேயில்லை, தம்பி."

முதல் தடவையாகச் சிரித்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் மிச்சத்தையும் சொன்னேன். அந்த வரைபடத்துக்காக இயக்கத்தில் சேர்ந்து போராடப் போன என் தம்பி திரும்பி வரவில்லை. அதே வரைபடத்துக்குள் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த முஸ்லிம் சனங்களை, எங்கள் இயக்கத்து ஆட்களே ஒரே நாளில் வெளியேற்றினார்கள். எனக்குச் சட்டை தைத்துத் தந்த மனுசி, தையல் மெஷினையும் விட்டுவிட்டுப் போனார்.

"அவ எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யேல்லை" என்றேன்.

நான் போட்டுக் கொடுத்த சோற்றை அவன் சாப்பிட்டு முடித்தான். புறப்படும்போது, வாசலில் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே கேட்டான்: "அந்தத் தையல்காரி பிறகு திரும்பி வந்தவவோ?"

"தெரியாது" என்றேன். அதுவரை நானும் யாரிடமும் கேட்டதில்லை.

அவன் இங்கேயே தங்கிவிட்டான். அணிவகுப்புகளுக்குப் போவதில்லையாம். ஆனால் தங்கள் நாட்டுத் தேர்தலில் இன்னும் அந்தக் கட்சிக்குத்தான் வாக்குப் போடுகிறானாம். அக்காதான் சொல்லிக் கவலைப்பட்டாள். ஒரு சாப்பாட்டோடு எல்லாம் மாறிவிடும் என்று நானும் நினைக்கவில்லை. என் சுவரிலும் அந்த வரைபடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் துடைக்கும்போது முன்பெல்லாம் என் தம்பியை மட்டும் நினைத்தவள், வாசலில் அந்தப் பொடியன் கேட்ட கேள்விக்குப் பிறகு, அதற்குள்ளிருந்து வெளியேற்றப்பட்ட அந்தத் தையல்காரியையும் சேர்த்தே நினைக்கிறேன்.