சும்மா இருக்கச் சம்பளம்

தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக, ஒன்றுமே விளையாத நிலத்தைச் சுற்றி வருகிறார் அத்தான். ஓரிடத்தில் நிற்பார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கிப் பார்ப்பார். பிறகு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்பதுபோல அவசரமாகக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

ஆற்றை ஒட்டிய நிலங்கள் களைத்துவிட்டன, சில வருடங்கள் ஆறட்டும் என்று அரசு முடிவு செய்தது. பயிரிடாமல் தரிசாகப் போட்டுவைப்பவர்களுக்கு ஆண்டுதோறும் மானியம். அத்தானுக்கும் முழங்கால் தேய்ந்துபோய், டாக்டர் அதே ஓய்வைத்தான் சொல்லியிருந்தார். "மண்ணுக்கும் எனக்கும் ஒரே வைத்தியம் மாப்ளே. பீஸ் மட்டும் கவர்மெண்ட் கட்டுது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

முடிவெட்டும் கடையில் யாராவது "விளைச்சல் எப்படி?" என்று வம்புக்கு இழுத்தால் முகம் மாறாமல் சொல்வார்: "அமோகம். ஒரு நெத்துகூட இல்லை. சும்மா இருக்கிறதுல இந்தப் பக்கம் என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது."

அக்காவுக்கு இது பொறுக்காது. "உழுற காலத்துலகூட இந்த மனுஷன் இவ்வளவு சீக்கிரம் எந்திரிச்சதில்லைடா" என்பாள் என்னிடம். நானும் சும்மா இருப்பதில் தேர்ந்தவன்தான். எழுதுகிறேன் என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன். மானியம்தான் வருவதில்லை.

போன மாதம் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். வானத்திலிருந்து எடுத்த படம் அவர் கையில் இருந்தது. பழுப்பு நிலத்தில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், பச்சையாக ஒரு கீற்று. எல்லோரும் போய்ப் பார்த்தோம். முழங்கால் உயரத்துக்குப் பயறு, பூவும் பிஞ்சுமாக.

"இது எப்போ?" என்றாள் அக்கா.

"கை அரிச்சுது" என்றார் அத்தான்.

அந்த வருட மானியத்தை நம்பித்தான் அவருடைய முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதிகாரி நல்ல மாதிரி. அத்தான் நடக்கும் நடையைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "போன தடவை சிந்தின விதை, தானா முளைச்சிருக்கும். அப்படித்தானே ஐயா? ஆமான்னு சொல்லுங்க, அப்படியே எழுதிடறேன்" என்றார்.

அக்கா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். அத்தானின் முதுகில் கிள்ளவும் கிள்ளினாள். நான்கூட 'ஆமாம்' என்று வாயெடுத்துவிட்டேன்.

அத்தான் வரிசைகளை ஒரு முறை பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"தானா முளைச்சதா? இவ்வளவு நேராவா? கயிறு பிடிச்சு விதைச்சது மேடம்!"

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வருஷப் பணம் வராதே ஐயா" என்றார் அதிகாரி. அவருக்கே வருத்தமாக இருந்தது.

"தெரியுது மேடம். சும்மா இருக்கச் சொல்லித்தான் சம்பளம் கொடுத்தீங்க. அந்த ஒரு வேலைகூட எனக்கு ஒழுங்கா வரலை."

அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு, ஆதாரத்துக்காகப் படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அத்தான். வலிக்கிற காலைப் பிடித்துக்கொண்டே குனிந்து, வரிசைக்கு நடுவே தலைகாட்டிய ஒரு களையைப் பிடுங்கி எறிந்தார். ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"இப்போ எடுங்க."