இங்கினியாகலைத் தண்ணீரும் உங்கள் உம்மாவும்

உங்கள் உம்மா பெரிய ரோட்டைத் தாண்டிக் கிழக்கே போவதில்லை. இது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மீன் வாங்குவதென்றால் உங்கள் வாப்பா நான்தான் கரைக்குப் போவேன். கடற்கரைப் பக்கம் கலியாண வீடு என்றாலும் உம்மா வர மாட்டார், சாமான் மட்டும் அனுப்புவார். சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்த மனிசி கடலைக் கண்ணால் பார்த்து இருபது வருடத்துக்கு மேல்.

சுனாமி வந்த காலையில் அவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். ஓடி நின்றபோது கை வெறுங்கையாக இருந்தது. உங்களுக்கு ஒரு சாச்சி இருந்தார் என்று நீங்கள் அறிந்தது அவ்வளவுதான். நான் அறிந்ததும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை எப்படிச் சிரிக்கும், என்ன சாப்பிடும் என்று உம்மா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவை, தொழுகைக்கு நிற்கும்போதுதான் கஷ்டம் என்று சொன்னார். நம்முடைய கரையில் கடல் கிழக்கே, தொழும்போது முகம் வைக்கும் கிப்லா மேற்கே. அதனால் எல்லா வீட்டிலும் கடலுக்கு முதுகைக் கொடுத்துத்தான் நிற்கிறோம். "பின்னால யாரோ வந்து நிக்கிற மாதிரி இரிக்கி" என்றார்.

அப்படிப்பட்டவரைத்தான் ஒரு பள்ளிக்கூட லீவில் இங்கினியாகலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தொடங்கி வைத்தது சின்னவன் நீ.

"வாப்பா, யானைக்கு நீந்தத் தெரியுமாம். இங்கினியாகலப் பார்க்ல, போட்ல போய்ப் பாக்கலாமாம்."

உம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நானும் வாறன். ஆனா என்ன போட்ல ஏறச் சொல்லப்படாது. சோத்துச் சட்டிக்குக் காவலாக் கரையில இரிக்கன்."

"உம்மா ஏறாட்டி நானும் ஏறல்ல" என்றாய் நீ.

"நல்லம்" என்றாள் உனக்கு மூத்தவள், உன் ராத்தா. "நீ ஏறாட்டி போட் தாழாது."

அன்றிலிருந்து என் மனதில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. இவர் ஏறுவாரா, மாட்டாரா?

நம்முடைய ஆட்டோவில்தான் போனோம். உம்மாவின் மடியில் சோற்றுச் சட்டி, சின்னவன் உன் மடியில் தண்ணீர்ப் போத்தல்கள். சம்மாந்துறை வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாக ஓடின. வாய்க்கால் நிறையத் தண்ணீர். இந்தத் தண்ணீரெல்லாம் நாம் போகிற குளத்திலிருந்துதான் வருகிறது என்று நான் கத்திச் சொன்னேன். ஆட்டோச் சத்தத்தில் கேட்டிருக்குமோ தெரியாது. அம்பாறை தாண்டியதும் வெயில் மறைந்தது. மரங்கள் நெருங்கி வந்தன, காற்று குளிர்ந்தது. நித்திரைக்குள் ஓட்டிக்கொண்டு போவது போல இருந்தது எனக்கு.

குளம் திடீரென்றுதான் தெரிந்தது. அதைக் குளம் என்று சொல்ல நாக்கு வராது. மேகம் மூடிய அந்தப் பகலில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே விளங்கவில்லை. மலைகள் நீலமாக இரண்டு தடவை நின்றன, மேலே ஒன்று, கீழே ஒன்று. எப்போதோ செத்த மரங்கள் தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளையாக எழும்பி நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. அலை இல்லை. சத்தமும் இல்லை.

உம்மா ஆட்டோவை விட்டு இறங்கி, தண்ணீருக்கு எதிர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சட்டியை இறக்கினார்.

போட் பின்னேரம்தான் என்றார்கள். சாப்பிட்டோம். லுஹர், பகல் தொழுகை நேரம் வந்தது. குழாயடியில் முகம் கை கால் கழுவி உளூ எடுத்துவிட்டு வந்து புல்லில் பாயை விரித்தேன். யோசிக்கவே இல்லை, பிறந்த நாளிலிருந்து செய்கிறபடி தண்ணீருக்கு முதுகைக் காட்டித்தான் விரித்தேன். எங்களுக்குப் பக்கத்தில், சாப்பிடும்போது ஊர் விசாரித்த மருதமுனை மனிசரும் குடும்பமும் அப்படியே தொழுது முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

மகள், நீதான் போனைத் தூக்கிப் பிடித்தாய். "வாப்பா, கிப்லா தண்ணிப் பக்கம்."

"ஒண்ட போன் பழுதாப் போயிட்டு. தண்ணியப் பாத்து ஆராவது தொழுவாங்களா?"

"வாப்பா, நாம ஊருலருந்து எந்தப் பக்கமா வந்த? மேற்க. இன்னும் மேற்கதான் குளம் இரிக்கி. இது கடலில்ல வாப்பா!"

நான் மேகத்தைப் பார்த்தேன். சூரியனைக் காணவில்லை. வந்த ரோட்டைப் பார்த்தேன். பிள்ளை சொல்வது சரி. நாம் கடலை விட்டு நேராக உள்ளே வந்திருக்கிறோம், கடல் இப்போது காட்டுக்கு அந்தப் பக்கம். மருதமுனை மனிசர் சுருட்டிய பாயோடு அப்படியே நின்றார்.

"அப்ப நான் இவ்வளவு நேரமும் மலேசியாவப் பாத்தா நிண்ட?"

அவருடைய மனைவி பாயைப் பிடுங்கினார். "நீங்கதானே இமாம்! வழி தெரியாட்டி ஆரிட்டயாவது கேக்கிறல்லயா?"

"ஆரிட்டக் கேக்கிற? இந்தா, சாய்ந்தமருதாரும் என்னப் போலத்தானே விரிச்சிரிக்கார்."

எல்லாரும் சிரித்தோம். அவர்கள் திரும்பவும் தொழ நின்றார்கள். நான் பாயைத் திருப்பி விரித்தேன். அப்போதுதான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை.

"அங்கால டிக்கட் குடுக்கிற கட்டிடம் இரிக்கி. வேணுமெண்டா உள்ள போய்த் தொழலாம்" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் தன் பாயைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தொழுகையின் கடைசி ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் தொழுது முடித்து அப்படியே இருந்தார். தலை நிமிர்ந்திருந்தது. முன்னால் அவ்வளவு பெரிய தண்ணீர். அது எங்கேயும் போகவில்லை, எதையும் செய்யவில்லை. ஒரு நீர்க்காகம் மரத்தை விட்டுத் தண்ணீரில் இறங்கியது, ஒரு வட்டம் பரந்து பரந்து கரைக்கு வராமலே அழிந்தது. உம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்கள் இருவரையும் சத்தம் போட வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

வெகு நேரத்துக்குப் பிறகு கேட்டார்: "போட்ல நடுவில இரிக்கலாமா?"

நடுவில்தான் இருத்தினேன். லைஃப் ஜாக்கெட்டின் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல்கள் பதிந்தன. போட் ஓட்டிய சிங்களத் தம்பிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "அக்கா பயம் வேணாம். இந்தத் தண்ணி நல்ல தண்ணி" என்றார். உம்மா கண்ணை மூடிக்கொண்டார். செத்த மரங்களுக்கு நடுவே நாங்கள் போனோம். மேகத்துக்கு மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்று தெரியவில்லை.

ஒரு தீவுக்குப் பக்கத்தில் தம்பி மெஷினை நிறுத்தினார். கறுப்பாக ஏழெட்டு மேடுகள் தண்ணீரில் நகர்ந்தன. மேட்டுக்கு முன்னால் ஒரு தும்பிக்கை, குழாய் மாதிரி நிமிர்ந்து மூச்சு விட்டது. சின்னவனே, நீ வாயைப் பொத்திக்கொண்டாய். மெஷின் சத்தம் இல்லாமல் போனதும் உம்மா கண்ணைத் திறந்தார். யானைகளைப் பார்த்தார். பிறகு போட்டுக்குக் கீழே பார்த்தார்.

"இதுக்கு அடியில என்ன தம்பி இரிக்கி?"

"முந்தி இங்க காடு, சேனைப் பயிர், சின்னச் சின்னக் கிராமம் அக்கா. எங்கட சீயா, அப்பாட அப்பா, அவர் ஆக்களும் இங்க இருந்த. சீயா சொல்லுவார். அணை கட்டின பொறகுதான் தண்ணி வந்த."

உம்மாவின் பிடி இறுகியது. "அந்த ஆக்கள்?"

"எல்லாம் போன அக்கா. வேற இடம் குடுத்த. தண்ணி மெதுவா மெதுவாத்தானே வந்த. மாடு, சட்டி, கதவுகூடக் கழட்டி எடுத்துப் போன."

"கதவையுமா?"

"ஓம் அக்கா. கதவையும்."

உம்மா தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார். "அவங்களுக்குத் தண்ணி சொல்லிப்போட்டு வந்திரிக்கி" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

யானைகள் கரையேறத் தொடங்கின. கடைசியாக ஒரு குட்டி சறுக்கி விழுந்து எழும்பியது. அப்போது உம்மா, யாரும் கேட்காமல், சொன்னார்.

"ஒங்கட சாச்சிக்கு யானையெண்டாச் சரியான பயம். பொத்துவிலுக்குப் போக்கொள்ள ரோட்டுல ஒரு யானை நிண்ட. பஸ் நிப்பாட்டினாங்க. பாத்தா இவளக் காணல்ல. சீட்டுக்குக் கீழ இரிக்காள்."

"அழுதாவா?" என்று கேட்டாய் சின்னவனே.

"எங்க அழுத! யானை போன பொறவு எழும்பி வந்து, 'நான் பயப்படல்ல, செருப்புத் தேடின'ண்டு சொல்றாள்."

நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் போட் ஆடியது. நான் பயந்து உம்மாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது, அவர் துடைக்கவில்லை.

"போகலாமா நானா?" என்று அண்ணன் முறை வைத்துப் போட்டுக்காரத் தம்பி என்னிடம் கேட்டார். எனக்கு முன்னால் உம்மா பதில் சொன்னார்.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி."

யானைகள் காட்டுக்குள் போய்விட்டிருந்தன. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்தான். நீங்கள் இருவரும் உம்மாவின் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு, "இன்னொண்டு சொல்லுங்க உம்மா, சாச்சிட கத இன்னொண்டு" என்று அரிக்கத் தொடங்கினீர்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சொல்லத் தொடங்கினார்.