அப்பா அனுப்பிய சாம்பிள்

எல்லோருக்கும் நெஞ்சு இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. அப்படி நேரமில்லாதவர்களைப் படுக்கவைத்துப் படம் எடுப்பது எங்கள் தொழில்.

நான் மதுரையில் எம்.எஸ்சி. படிக்கிறேன். ஸ்கேன் எடுப்பது சம்பந்தமான படிப்பு. கடைசி ஆறு மாதப் பயிற்சிக்கு அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் போட்டிருக்கிறார்கள். பந்தல்குடியிலிருந்து தினமும் பஸ். எங்களிடம் இதயத்துக்கென்று ஒரு சி.டி. ஸ்கேன் உண்டு. இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்திருக்கிறதா, எவ்வளவு என்று பார்த்து ஓர் எண் கொடுக்கும். எண் கூடினால் மாரடைப்பு, பக்கவாதம் வருவதற்கான வாய்ப்பும் கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஊசி இல்லை, வலி இல்லை, பத்து விநாடி மூச்சைப் பிடித்தால் முடிந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தும் இதற்கு ஆள் வரமாட்டார்கள் என்றால் கோபம் வருமா, வராதா? அந்த ஆள் சொந்த அப்பாவாக இருந்தால்?

அப்பாவுக்கு எங்கள் ஊரான பந்தல்குடியில் மல்லி கமிஷன் கடை; பூ இல்லை, குழம்புக்கு அரைக்கும் கொத்தமல்லி. அவருடைய ஒரே அண்ணன், என் பெரியப்பா, ஐம்பத்து மூன்றாவது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழவில்லை. அப்பாவுக்கு இந்தப் பங்குனியில் ஐம்பத்து மூன்று. டாக்டர் எழுதிய ஸ்கேன் சீட்டு மூன்று மாதமாகக் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிக் கிடந்தது. வீட்டில் இப்படி ஒரு சீட்டும், இப்படி ஓர் அப்பாவும் வைத்துக்கொண்டு அல்லாடும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

மாடிக்கு வந்த கோளாறு

எங்கள் பக்கத்தில் நெஞ்சில் வரும் எந்த வலிக்கும் ஒரே பெயர்தான்: கேஸு. அதற்கு ஒரே வைத்தியம், பன்னீர் சோடா. பெரியப்பாவும் கடைசியாகக் குடித்தது அதைத்தான். வலி இருக்கும் நேரத்தில் சோடாக் கடைக்கும் போகக் கூடாது, எங்களிடமும் வரக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் தூத்துக்குடி ரோட்டில் லாரி வைத்து ஓட்டும் ஒருவர் வந்தார். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். எத்தனை நாளாக என்றேன். தீபாவளியிலிருந்து என்றார். அப்போது மாசி மாதம். "இத்தனை மாசம் என்ன பண்ணுனீங்க?" என்று கத்தியேவிட்டேன். அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "ஏறுனாத்தான தாயி வலிக்குது? கட்டிலைக் கீழ எறக்கிப் போட்டுட்டேன். இப்ப நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, அந்த மாடிக்குத்தான் ஏதோ கோளாறு."

உப்புத் தண்ணீர்ப் பாத்திரம்

கால்சியம் என்றால் நல்ல சாமான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். திருச்சுழியிலிருந்து வந்த ஓர் அம்மா, "மூட்டு வலிக்கு அதைத்தான காசு குடுத்து வாங்கித் திங்கிறேன்? நெஞ்சுல சும்மாவே சேர்ந்திருக்குன்னா நல்லதுதான?" என்று சண்டைக்கு வந்தார். சண்டை என்றால் எனக்கும் சந்தோஷம்தான். எலும்பில் இருக்க வேண்டியது குழாயில் இருந்தால் அடைப்பு என்றேன். அவர் மசியவில்லை. கடைசியில், "உங்க ஊர் போர்த் தண்ணியைக் காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையா ஒரு படை பிடிக்குமே, அது மாதிரி" என்றேன். சட்டென்று முகம் மாறிவிட்டது. அந்தப் படையோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர்.

"அப்ப புளி போட்டுத் தேய்ச்சா?" என்றார். தேய்க்க முடியாது, மேற்கொண்டு படியாமல் பார்த்துக்கொள்ள மாத்திரையும் நடையும்தான் வழி, டாக்டர் சொல்வார் என்றேன். ரிப்போர்ட்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டே அவர் சொன்னது: "அம்புட்டையும் படைச்ச அந்தக் கடவுளு, தெறந்து தேய்க்கிற மாதிரி ஒரு மூடி வச்சிருக்கலாம்ல?"

மெஷினுக்கு மரியாதை

மூச்சை இழு, பிடி, விடு என்று மெஷினே சொல்லும். முன்பு அது இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தது. படுத்திருப்பவர் பதறி எழுந்து உட்காருவார். நான் சேர்ந்த வாரம் சண்டை போட்டு அதைத் தமிழாக்கினேன். குரல் என்னுடையது: "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்கங்க. அசையாதீங்க." சீனியர் டெக்னீசியன் பாண்டி அண்ணன், "இதுலயாவது நீ எதுத்துப் பேசாம இருக்கியே" என்று சந்தோஷப்பட்டார்.

வந்தது வேறு வினை. எங்கள் ஜனத்திடம் யாராவது பேசினால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். மெஷின், "பிடிச்சுக்கங்க" என்றதும், "சரித்தா" என்பார்கள். மூச்சு போச்சு, நெஞ்சு ஆடிற்று, படமும் கலங்கிற்று. விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி மூன்று தடவையும், "பிடிச்சிட்டேன் தாயி, பிடிச்சிட்டேன்" என்று தகவல் சொன்னார். உள்ளே ஓடி, "ஐயா, பேசுறது நான் இல்ல, மெஷினு" என்றேன். குரல் உன்னுடையதுதானே என்றார். ஆமாம் என்றேன். "ஒரு பொம்பளைப்பிள்ளை இம்புட்டு மரியாதையாச் சொல்லுது, வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தா எங்க ஊரைப் பத்தி என்ன நெனைக்கும்?"

வாத்தியாருக்கு விழுந்த முட்டை

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் அவருடைய மச்சினரும் ஒன்றாக வந்தார்கள். மச்சினருக்கு வந்த எண் தொண்ணூறு சொச்சம். வாத்தியாருக்குப் பூஜ்யம். பூஜ்யம்தான் இங்கே முதல் மார்க் என்று எவ்வளவோ சொன்னேன். மச்சினர் தொண்ணூறு வாங்கிய பெருமையில் மீசையைத் தடவிக்கொண்டிருந்ததும் எனக்கு உதவவில்லை. வாத்தியார் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசத்துல ஒருத்தனுக்கும் நான் முட்டை போட்டதில்லம்மா, பேரை எழுதியிருந்தாலே ரெண்டு மார்க்கு போடுவேன்."

ஒரே அடுப்புச் சோறு

மல்லி வியாபாரம் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. லோடு வந்து இறங்கினால் அப்பா எல்லா மூட்டையையும் அவிழ்க்கமாட்டார். ஏதாவது ஒரு மூட்டையில் குத்தூசியைச் சொருகுவார். அதன் குழல் வழியாக ஒரு கை மல்லி உள்ளங்கையில் விழும். கசக்கி, ஊதி, மோந்து பார்த்து மொத்த லோடுக்கும் விலை சொல்லிவிடுவார். அந்தச் சாம்பிள் தன்னை ஏமாற்றியதே இல்லை என்பது அவருடைய மதம்.

ஒரு திங்கட்கிழமை காலை, விசேஷ வீட்டுச் சேலையும் கையில் டிபன் பையுமாக அம்மா சென்டர் வாசலில் வந்து இறங்கினாள். அம்மாவுக்கும் பிரஷர் மாத்திரை ஓடுவதால் டாக்டர் இரண்டு பேருக்கும் சீட்டு எழுதியிருந்தார். "அவுக வரலை. முதல்ல என்னைப் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னாக" என்றாள். அப்பாவுக்கு போன் போட்டேன். "ஒரே அடுப்புல பொங்குனதைத்தான இருபத்தாறு வருசமாத் திங்கிறோம்? அவளுக்கு என்ன இருக்கோ அதுதான எனக்கும் இருக்கும்? சாம்பிள் அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லு" என்றார்.

வரவேற்பறையில் பத்துப் பேர் பார்க்க, பரம்பரை, சிகரெட்டு, ரத்தத்தில் கொழுப்பு என்று போனிலேயே ஒரு வகுப்பு எடுத்தேன். அவர் அசரவில்லை. அம்மாவுக்கு ஸ்கேன் முடிந்தது. பூஜ்யம். பெற்ற தாய்க்குப் பூஜ்யம் வந்ததற்குத் தலையில் கை வைத்து உட்கார்ந்த மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏனென்றால் அப்பா அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதையேதான் சொன்னார்: "பாத்தியா, சரக்கு சுத்தம்! அதே பூஜ்யத்தை என் பேருக்கும் ஒண்ணு எழுதிக்கச் சொல்லு உங்க டாக்டரை."

பாலவனத்தத்துச் சரக்கு

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு நேரே கடைக்குப் போனேன். அப்பா அதற்குள் தெருவுக்கே தன் பூஜ்யத்தை அறிவித்திருந்தார். நான் பேசினேன். அரை மணி நேரம் பேசினேன். அப்பா கோபப்படவே இல்லை. "படிச்ச பிள்ளை, நல்லாப் பேசுது" என்று மூட்டை இறக்க வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். அதைவிட அவமானம் வேறு உண்டா? அம்மா ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து டிபன் பையிலிருந்து அவருக்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது திருச்சுழியிலிருந்து ஒரு லோடு வந்தது. அப்பா குத்தூசியை எடுத்தார். அம்மா தலை நிமிராமல் கேட்டாள்: "காலையிலதான் ஒரு லோடு குத்திப் பாத்தீகளாம்ல? திருப்பி எதுக்கு? அந்த விலையையே இதுக்கும் சொல்லுங்க."

"கிறுக்கா உனக்கு? அது பாலவனத்தத்துச் சரக்கு, இது திருச்சுழிச் சரக்கு. மண்ணு வேற, வெத வேற."

"நான் பாலவனத்தத்துக்காரிதான?" என்றாள் அம்மா.

லோடு கொண்டுவந்த சம்சாரி முதலில் சிரித்தார். அப்பாவின் கை குத்தூசியோடு அப்படியே நின்றது. அம்மா இட்லித் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உங்க தோட்டத்துல வெளஞ்சது ரெண்டே மூட்டை. ஒண்ணு உங்க அண்ணன். அதைப் பிரிச்சுப் பாத்தாச்சு."

பத்து விநாடி

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா அம்மாவோடு வந்துவிட்டார். டீகூடக் குடிக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டு, ஊதுபத்தி வாசத்தோடு சட்டைப் பையில் இருந்தது. பாண்டி அண்ணன் சங்கிலியைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படுக்கவைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அப்பாவுக்கு உடம்பு இளைத்த மாதிரி தெரிந்தது. கடையில் பார்த்தால் அப்படித் தெரியாத மனிதர்.

பட்டன் அமுங்கியது. என் குரல், "மூச்சை நல்லா இழுங்க" என்றது. இவர் கட்டாயம் பதில் சொல்வார், படம் கெடும் என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து என் வாக்கியம் ஒன்றையும் அவர் பதில் இல்லாமல் விட்டது கிடையாது. ஆனால் அப்பா வாயைத் திறக்கவில்லை. நெஞ்சு கல் மாதிரி நின்றது. படம் வரி வரியாக வந்தது. "மூச்சை விடுங்க" என்று மெஷின் சொன்ன பிறகு பாண்டி அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீயும் விடும்மா" என்றார்.

வெளியே வந்து சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே அப்பா சொன்னது: "நீ பேசி நான் எதுத்துப் பேசாமக் கெடந்தது இந்தப் பத்து செகண்டுதான்த்தா, நல்லா ஞாபகம் வச்சுக்க."

தரம்

நூற்று எண்பத்து நான்கு. குழாயின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மூன்று மாதமாக, "நான் சொன்னேன்ல?" என்று சொல்வதற்காகவே காத்திருந்தவள் நான். அந்த வார்த்தை வரவில்லை. டாக்டர்தான் பேசினார். இன்றைக்கே பதற வேண்டிய நிலை இல்லை, ஆனால் சும்மா விடுகிற நிலையும் இல்லை. தினமும் மாத்திரை, தினமும் நடை, சிகரெட்டு இன்றோடு சரி. இப்போதே தெரிந்துகொண்டது நல்லது என்றார். அப்பா எதற்கும் பேரம் பேசவில்லை. பையிலிருந்த சிகரெட்டுப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். திரையில் காட்டினேன். உள்ளங்கை மல்லியைப் பார்க்கிற அதே குனிவு. எங்கே ஊதிவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாக விரல் வைத்து எண்ணினார். பெரியப்பாவுக்கு இப்படி ஒரு படம் எடுத்திருந்தால் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அப்புறம் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து விலை சொல்கிற குரலில் சொன்னார்: "தூசி கெடக்கத்தான் செய்யுது. ஆனா கழிச்சுப் போடுற சரக்கு இல்ல, பாத்து வச்சுக்கிட்டா ரொம்ப நாளைக்குத் தாங்கும்."

ஆக, ஒரு நெஞ்சைப் படம் பிடிக்கப் பத்து விநாடியும் ஒரு மெஷினும் போதும், அந்த நெஞ்சை மெஷின் வரைக்கும் கொண்டுவருவதற்குத்தான் எம்.எஸ்சி. பத்தாது, பாலவனத்தத்தில் பிறந்திருக்க வேண்டும்.