தண்ணீர் வந்த அன்று நான் வீட்டுக்குத் தூரம்

குற்றாலத்துச் சாரலைப் பற்றி யாராவது வாயூறப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். அங்கேதான் என் அக்காளைப் பறிகொடுத்தேன். அருவி அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லும். நான் அப்படிச் சொல்வதில்லை.

நாங்கள் குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் பிறந்தவர்கள். மலைமேல் மேகம் கறுத்து இறங்கிவிட்டால், கீழே வெயிலடித்தாலும் அருவியை விட்டு விலகிவிட வேண்டும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். முதலில் தண்ணீர் கலங்கும், இலையும் சுள்ளியுமாக விழும், அதன் பின்னாலேயே வெள்ளம் வந்துவிடும். ஆனால் அக்காளைக் கொடுத்தது திருவேங்கடத்துப் பக்கம், கரிசல்காட்டில் ஒரு பெரிய வீட்டில். குடிக்கிற தண்ணீருக்கே வானத்தைப் பார்க்கிற ஊர். தண்ணீர் கூடிப்போய் ஆளைக் கொல்லும் என்றால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். அக்காளின் மாமனார் என் முகத்துக்கு நேரேயே சிரித்திருக்கிறார்.

அந்த வருஷச் சாரலுக்கு அவர்கள் குடும்பத்தோடு வண்டி கட்டி வந்து குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்கினார்கள். கல்யாணமாகித் தென்காசியில் இருந்த நானும், அக்காளோடு கொஞ்ச நாள் இருக்கலாமே என்று ஆசையாகப் போனேன். போன மறுநாளே வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். மாதவிலக்கு எல்லா வீட்டிலும் உண்டுதான். அந்த வீட்டில் மட்டும் அது கொலைக்குற்றம் மாதிரி. தட்டு தனி, பாய் தனி, நான் நடந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பு. வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகவும் மனமில்லாமல், அருவிக்கு என்னையும் கூட்டிப்போய் வண்டிப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்காரவைத்தார்கள்.

"குளிச்சிட்டு நேரா கோயிலுக்குப் போறோம்ட்டி, நீ இங்கனயே இரி" என்று எட்ட நின்று சொல்லிவிட்டு அக்காள் போனாள். அவள் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. மாமியார் பார்வைக்குப் பயந்து அதை மறைத்துக்கொண்டாள்.

பெரிய வீட்டுப் பெண்கள் குளிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதல்லவா? வேலையாட்கள் சேலைகளைச் சேர்த்துக் கட்டி மறைப்புப் போட்டார்கள். மறைப்புக்கு முன்னால் மாமனார் கம்போடு காவல் நின்றார்.

கீழே நல்ல வெயில். திடீரென்று ஆண்கள் குளிக்கிற பக்கம் ஒரே கூச்சல். தண்ணீர் செம்மண்ணாக விழுந்துகொண்டிருந்தது. அருவிக்கரைக் காவல்காரர் "தண்ணி வருது, ஏறுங்க, ஏறுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். தலையில் எண்ணெயும் சீயக்காயுமாக ஆண்கள் அலறியடித்து மேலேறினார்கள். அவர்களை ஏற்றிவிட்டுக் காவல்காரர் பெண்கள் பக்கம் ஓடி வந்தார். மாமனார் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"எங்கலே போற? உள்ள பொம்பளையாளுக குளிக்காவ."

"வெள்ளம் வருது அண்ணாச்சி. இங்கன நின்னு கத்துனா அருவிச் சத்தத்துல அவியளுக்குக் கேக்காது."

"பொம்பளையாள விட்டுச் சொல்லச் சொல்லுதேன். நீ தள்ளி நில்லு."

சொல்லிவிட்டுப் பெண்ணாள் தேடினார். அவர் கண் என்மேல் விழுந்தது. "அது தூரம்லா" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடியும் சுற்றுமுற்றும் பார்த்தார். உயிர் போகிற நேரத்தில் தீட்டில்லாத பெண்ணாகத் தேடினார்!

நான் எழுந்து ஓடினேன். என்னைத் தடுக்க நீட்டிய கம்பை, என்மேல் பட்டுவிடப் போகிறது என்று அவரே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதனால்தான் உள்ளே போக முடிந்தது.

மாமியாரும் இன்னும் சில பெண்களும் குளித்து முடித்து வெளியேறும் வழியில் ஈரம் பிழிந்துகொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் மாமியார், "ஏட்டி, தொட்டிராத! கோயிலுக்குப் போணும்" என்று அலறிக்கொண்டு படியில் ஏறினாள். மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள். வெள்ளத்துக்காக அவர்களில் ஒருத்தியும் ஏறவில்லை. எனக்குப் பயந்து ஏறினார்கள், பிழைத்துக்கொண்டார்கள்.

அக்காள் மட்டும் உள்ளே, அருவிக்கடியில் கண்ணை மூடி நின்றாள். "எக்கா, வெள்ளம் வருது, ஓடியா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. கிட்டே போய்க் கையை நீட்டினேன். அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். வாய் அசைந்தது. "தொடாத" என்றுதான் சொல்லியிருப்பாள். மேலகரத்துக்காரி, தண்ணீரின் நிறத்தை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அவளை அந்த வீட்டில் பழக்கியிருந்த பழக்கம், தண்ணீருக்கு முன்னால் என் கையைத்தான் பார்க்கச் சொன்னது.

அடுத்த நொடி தண்ணீர் வந்தது. காவல்காரர் என் கூந்தலைப் பிடித்து இழுத்துப் போட்டார். மாமனாரைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். முதலிலேயே தள்ளியிருக்கலாம். பெரிய மனுஷர் என்று தயங்கிய மரியாதைக்கும் ஒரு விலை இருந்தது.

சாயங்காலம் வெள்ளம் வடிந்த பிறகு சித்தாற்றில் ஒரு புதர் ஓரமாக அக்காளை எடுத்தார்கள். கரையில் கிடத்தியிருந்தார்கள். தீட்டோடு நான் அருவிக்கரைக்கு வந்ததால்தான் தண்ணீர் கோபித்துக்கொண்டதென்று மாமியார் மாரடித்து அழுதாள். மாமனார் கேட்டுக்கொண்டே நின்றார். கம்பு இன்னும் கையில் இருந்தது.

நான் எட்டத்தான் நின்றேன். நின்று நின்று எனக்கும் பழகிப்போயிருந்தது. அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் ஏன் அங்கனயே நிக்க? எழவு விழுந்தபொறவு எல்லாருக்கும் தீட்டுதான, என்னட்டி தூரம்? வந்து தொட்டுக்கோ" என்றாள்.

போய் அக்காளின் கையைப் பிடித்தேன். ஒருவரும் தடுக்கவில்லை.