ஊஞ்சல் காட்சிக்குப் போட்ட பாட்டு

நடந்தவை, வரிசையாக:

1. எழுபதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் பாட்டுக்குப் படம் கிடையாது. ரேடியோவில் பாட்டு வரும். அம்மா சமையலறையிலிருந்து கூடவே பாடுவாள்.

2. பாட்டைப் பார்க்க வேண்டுமானால் டாக்கீசுக்குப் போக வேண்டும். அங்கும் கதையோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும்.

3. நான் எர்ணாகுளத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்த காலத்தில் டெலிவிஷன் வந்தது. வாரத்தில் அரை மணி நேரம், கதையை விட்டுவிட்டுப் பாட்டுகளை மட்டும் காட்டினார்கள். அடுத்த வீட்டுக் கூடத்தில் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம்.

4. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீடியோ டெக் கொண்டுவந்தார்கள். பாட்டுகளை மட்டும் தொகுத்த கேசட்டுகள் வாடகைக்குக் கிடைத்தன.

5. பிறகு எல்லாருக்கும் தாங்களும் பாட்டுக்குள் வர வேண்டும் என்று தோன்றிவிட்டது. கல்யாணத்தை வீடியோ எடுத்து, அதன்மேல் சினிமாப் பாட்டு போட்டுத் தரும் கடைகள் வந்தன. அப்படி ஒரு கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

6. அக்கா கல்யாணத்தில் அம்மா ஊஞ்சல் பாட்டு பாடினாள். அது கேசட்டில் பதிவானது.

7. அதை நான் அழித்தேன்.

ஏழாவதை விளக்க வேண்டும். வீடியோ நாடாவில் படம் சாய்வான கோடுகளாகப் பதிவாகிறது. ஒலி, நாடாவின் ஓரத்தில், ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள தனிக்கோடு. எங்கள் கடை டெக்கில் ‘ஆடியோ டப்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் படம் அப்படியே இருக்கும்; அந்த ஓரத்துக் கோடு மட்டும் அழிந்து, அதே இடத்தில் புதிய ஒலி ஏறும். மந்திரம், நாதஸ்வரம், பந்தியில் யாரோ சாம்பார் கேட்பது எல்லாம் போய்விடும். பாட்டு வரும்.

கடை முதலாளியை நான் சேட்டன் என்றுதான் கூப்பிடுவேன். மலையாளி, என்னோடு பேசும்போது பாதித் தமிழ் கலப்பார். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், கல்யாணச் சத்தத்தைக் கொஞ்சம் விட்டுவைக்கலாமே என்று கேட்டேன்.

“மோளே, பாட்டு இல்லாத கல்யாணக் கேசட்டை ஆரு காணும்? தாலி கட்டும்போ ஒரு பாட்டு, பந்திச் சத்யைக்கு ஒரு பாட்டு, போர்ட் கொச்சி கடப்புறத்துலே ரெண்டுபேரும் நடக்கும்போ ஒரு டூயட். ஆளுங்களுக்கு அது மதி, அது போதும்.”

அது சரியாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பதே எந்தப் பாட்டு என்பதைத்தான்.

வெளியாட்களின் கேசட் என்றால் முதலில் ஒரு நகல் எடுத்து, நகலின்மேல் பாட்டு போடுவோம். நகலில் நிறம் ஒரு படி இறங்கும். அக்காவின் கேசட்டில் அந்த ஒரு படியும் இறங்கக்கூடாது என்று நினைத்தேன். அதில் வெட்டிச் சேர்க்க வேண்டிய இடமும் இல்லை. ஆகவே அசலின்மேலேயே பாட்டைப் போட முடிவு செய்தேன். மூன்று வருடம் படித்தவள் யோசித்து எடுத்த முடிவு.

போடுவதற்கு முன்பு ஹெட்போனில் முழுவதும் கேட்டுக் குறிப்பு எழுதினேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. பன்னிரண்டாவது வரி: ‘ஊஞ்சல். பெண் குரல், கரகரப்பு. பாட்டு போடவும்.’

பெண் குரல் என்றுதான் எழுதியிருக்கிறேன். அம்மா என்று எழுதவில்லை.

எழுதிய பிறகு ஒரு தயக்கம் வந்து, அந்தப் பாட்டை அப்படியே விடட்டுமா என்று வீட்டில் கேட்டேன். அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அய்யே, அதை வெச்சுண்டு என்ன செய்யப்போறே? ரெண்டு மாசமாத் தொண்டை கட்டிண்டு கிடக்கு, காக்கா கத்தறாப்பலே. சம்பந்தியாத்துக்காரா கேட்டாச் சிரிப்பா. நல்ல சினிமாப் பாட்டாப் பாத்துப் போடுடீ.”

போட்டேன். ஊஞ்சலின் ஆட்டத்துக்குத் தாளம் பொருந்துகிற பாட்டாகத் தேடி, அக்கா முன்னால் வரும்போது பல்லவி தொடங்கும்படி போட்டேன். கேசட்டைக் கூடத்தில் போட்டுப் பார்த்த அன்று எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவின் மாமியார், “சம்பந்தி மாமி ஹீரோயின் மாதிரின்னா வாயசைக்கறா! அடுத்த படத்துக்கு இப்பவே புக் பண்ணிடலாம்” என்றாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பிலும் அந்தக் கரகரப்பு இருந்தது.

அந்த ரெண்டு மாதத்துக் கரகரப்பு தொண்டைக் கட்டு இல்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னும் ஐந்து மாதம் ஆனது. திருவனந்தபுரத்தில் அறுவை செய்து அம்மாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாக மூச்சு விடுகிறாள். பேச்சு இல்லை. ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். அம்மா படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில்; அதனால் தமிழை மலையாள எழுத்தில் எழுதுவாள்.

அடுத்த வருடம் பம்பாயில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. கடைக்கு அக்காவிடமிருந்து டிரங்க் கால் வந்தது.

“கேக்கறதா? அந்த ஊஞ்சல் பாட்டை மட்டும் ஒரு ஆடியோ கேசட்டுலே எடுத்து அனுப்பு. கொழந்தைக்கு அம்மா கொரலைக் கேக்க வைக்கணும்.”

“அதுலே சினிமாப் பாட்டுன்னா இருக்கு” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா? ஒரிஜினல் கடைலே இருக்குமே. நீதானே அங்கே எஞ்சினீயர்.”

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தேட ஒன்றுமில்லை என்று தெரிந்தும் தேடினேன். பட்டியல் போட்டுக்கொண்டுதான். கேமராக்காரரிடம் வேறு நாடா இல்லை. சித்தப்பாவுக்குக் கொடுத்த நகல், பாட்டு போட்ட பிறகு எடுத்தது. கடை டெக்கைத் திறந்து, ஒலியைப் படிக்கிற ஹெட்டின் கோணத்தை இம்மி இம்மியாகத் திருப்பி, நாடாவின் விளிம்பில் பழைய ஒலி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். சினிமாப் பாடகியின் குரல்தான் மந்தமாகி, திரும்பத் தெளிந்தது. டெக்கின் அழிப்பு ஹெட் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

கடைசியாக, வீட்டில் ரேடியோவிலிருந்து நாங்கள் பதிவு செய்த பழைய ஆடியோ கேசட்டுகள். பதினொன்று. அடுக்களையிலிருந்து அம்மா குரல் எதிலாவது விழுந்திருக்கும் என்று ஒவ்வொன்றையும் கேட்டேன். விழவில்லை. பதிவு செய்யும்போதெல்லாம் அக்காவும் நானும் உள்ளே போய், “அம்மா, ஷ், பாடாதே, ரெக்கார்டு ஆறது” என்று சொல்லிவிட்டு வருவோம். அம்மா சொன்னபடி கேட்டிருக்கிறாள்.

அன்று மாலை அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். நகலில் போட்டிருக்க வேண்டும், அசலில் போட்டுவிட்டேன், ஒன்றும் மிச்சமில்லை என்று. அம்மா சிலேட்டை எடுத்தாள்.

‘நான்தானே போடச் சொன்னேன்.’

நான் படித்துவிட்டேனா என்று பார்த்தாள். பிறகு முந்தானையால் துடைத்துவிட்டு இன்னொன்று எழுதினாள்.

‘பாட்டு நன்னா இருந்துது.’

அதையும் துடைத்தாள்.

அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வர ஒரு மாதம் ஆனது. குழந்தையின் எடை, பல், தடுப்பூசி எல்லாம் எழுதியிருந்தாள். கேசட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதன் பிறகு ஒரு கல்யாணத்தில் மட்டும் பெண்கள் பாடிய இடத்தைச் சினிமாப் பாட்டால் மூடாமல் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் கேசட் திரும்பி வந்தது. அந்த இடத்தில் பாட்டு வரவில்லை, நாடா கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். சேட்டன் என்னைப் பார்த்துவிட்டுக் கேசட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் பாட்டு போட்டுக் கொடுத்தேன்.

இப்போதும் அதே கடையில்தான் வேலை செய்கிறேன். அசல் நாடாக்கள் கொஞ்ச நாளில் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும்; அதனால் பாட்டு போடுவதற்கு முன்பு அசல் ஒலியை ஒரு ஆடியோ கேசட்டில் எடுத்து, தேதி எழுதி, பின்னறை அலமாரியில் வைக்கிறேன். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. அக்காவின் கல்யாணக் கேசட் வீட்டில் இருக்கிறது. நிறம் இறங்கவில்லை. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் அம்மா நிற்கிறாள், வாய் அசைகிறது, வேறொருத்தி பாடுகிறாள்.