சிவப்புப் புள்ளிகள் நடந்த வழி

யோகராஜ் அண்ணன் கொடைக்கானலில் உள்ள எங்கள் ஹோட்டலின் கம்ப்யூட்டர்களையும் வைஃபையையும் பார்த்துக்கொள்பவர். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து கூலி வேலை பார்த்தவர்கள். அவர் பக்கத்து ஊரான பள்ளங்கியில் வீடு கட்டி, 2009இல்தான் குடிபோயிருந்தார். நான் இதே மலையில் உள்ள கவுஞ்சி கிராமத்துக்காரி, எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் முடித்தவள். ரிசப்ஷனில் என் கவுண்டருக்குப் பின்னால்தான் அவருடைய மேஜை.

எங்கள் நிறுவனத்துக்கு ஐந்து ஹோட்டல்கள். எல்லா இடத்து வைஃபை பெட்டிகளையும் ஒரே கன்ட்ரோலர்தான் நடத்தும். அது தனி இயந்திரம் இல்லை. மதுரை டேட்டா சென்டரில் ஒரு சர்வருக்குள் ஓடும் மென்பொருள். அந்த ஆண்டு ஐப்பசியில் அதைச் சென்னை டேட்டா சென்டருக்கு மாற்ற முடிவானது. அண்ணன் அந்த வேலையைக் கேட்டு வாங்கினார். சரியாக முடித்தால் ஐந்து ஹோட்டல்களையும் மலையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். சொதப்பினால் அந்தப் பொறுப்பு சென்னைக்குப் போகும். அவரும் புது வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

மதியம் கன்ட்ரோலரின் நகல் சென்னையில் ஓடத் தொடங்கியது. இனி ஒவ்வொரு பெட்டியையும் அணைத்துப் போட்டால், அது புது முகவரியைக் கேட்டுச் சென்னையோடு சேர்ந்துகொள்ளும். முதலில் ரிசப்ஷன் பெட்டியை அணைத்துப் போட்டார், சேர்ந்தது. டீயைக் கையில் எடுத்தார். திரையில் பெட்டிக்கு ஒன்றாக இருந்த பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. சிவந்தால் அந்தப் பெட்டி இணைப்பில் இல்லை என்று அர்த்தம். அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து அண்ணனின் மேலதிகாரி ஆனந்த் சாரின் குரல் போனைத் தாண்டிக் கேட்டது. "என்ன யோகராஜ், ஒன்னொன்னா விழுது! பழையபடி மதுரைக்கே திருப்பிடுங்க. நாளைக்கு நம்ம ஆள அனுப்புறேன்."

நானாக இருந்தால் அந்த நொடியே திருப்பியிருப்பேன். யாராவது அதட்டினால் எனக்கு யோசனையே ஓடாது. அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இங்க பாரு புள்ள. மேல்மாடிக் கோடி, அப்புறம் நடு, அப்புறம் படிக்கட்டு. இப்பக் கீழ்மாடி. கோளாறுன்னா இப்படி வரிசையாவா வரும்? யாரோ நடந்து போறாங்க."

வெளியே இடி உருண்டது. அண்ணன் சட்டென்று சிரித்தார். "சார், கொஞ்சம் பொறுங்க" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அறைகளைச் சுத்தம் செய்யும் வீரம்மாள் அக்கா கீழ்மாடித் தாழ்வாரத்தில் குனிந்து நின்றார்.

"என்ன தம்பி இப்படி ஓடியாறீங்க? இடி இடிக்குதில்ல, டிவி, இந்த வெள்ளப் பொட்டி எல்லாத்தையும் புடுங்கிட்டு வாறேன். போன வருசம் டிவி பொகஞ்சு கெடந்துச்சே, யாரு ஏச்சு வாங்குனது?"

இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவது இந்த மலையில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் அம்மா ரேடியோவைக்கூட விடமாட்டாள்.

"என் சோலியவே புடுங்கிப்புட்டீங்களேக்கா!"

"ஒங்க சோலி என்ன, இந்தப் பிளக்குலயா தொங்குது?"

"ஆமாக்கா" என்றார் அண்ணன்.

இடி ஓயும்வரை வீரம்மாள் அக்கா பிளக்கை மாட்ட விடவில்லை. "மழைக்கும் கன்ட்ரோலருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று, இடி ஓயட்டும் என்ற அண்ணனிடம் ஆனந்த் சார் போனில் கேட்டபடியே இருந்தார்.

இடி ஓய்ந்ததும் வீரம்மாள் அக்கா மேல்மாடிக் கோடியிலிருந்து மாட்டிக்கொண்டே வந்தார். மேல்மாடிக் கோடி, நடு, படிக்கட்டு. அதே வரிசையில் புள்ளிகள் பச்சையாயின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சென்னை என்று விழுந்தது. அண்ணன் செய்ய வேண்டியிருந்த வேலையை அக்காவே செய்து முடித்திருந்தார். மறுநாள் மற்ற ஹோட்டல்களையும் அண்ணன் மாற்றினார். பொறுப்பு மலையிலேயே தங்கியது, அவரும்தான்.

இப்போதும் மேகம் கறுத்தால் மாடியிலிருந்து குரல் வரும்: "தம்பி, வெள்ளப் பொட்டியப் புடுங்கவா?"

"வெரசாப் புடுங்குங்கக்கா!"