உடையாத தெர்மாமீட்டர்கள்

ராயபுரத்தில் நான் தலைமை நர்சாக இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் ஒரு தெர்மாமீட்டர்கூட உடையவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். உடைத்தவர் புதிதாக வாங்கி வைக்க வேண்டும், என் முன்னால் நின்று திட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். என் வாய்க்குப் பயந்தே நர்சுகள் பத்திரமாகக் கையாளுகிறார்கள் என்று நம்பினேன். பெரிய டாக்டரம்மாகூட ஒருமுறை என்னைப் பாராட்டினார். அன்று முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒருநாள் நர்சுகளுக்கான வகுப்பு ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றுதான் போனேன். அங்கே ஒருவர் பாதரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எனக்கு வந்த தூக்கம் போய்விட்டது. சிந்திய பாதரசம் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக எழும்பிக்கொண்டே இருக்குமாம். மூச்சில் புகுந்து மூளையையும் நரம்பையும் கெடுக்கும், வயிற்றுப் பிள்ளையையும் விடாது. துடைப்பம் போட்டுப் பெருக்கக் கூடாது, சூடு காட்டவே கூடாது என்றார்கள். எங்களுடையதோ பிரசவ வார்டு.

திரும்பி வந்ததும் வார்டிலிருந்த பன்னிரண்டு தெர்மாமீட்டர்களையும் ஒரு ட்ரேயில் பரப்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வாங்கியது ஒரே கம்பெனிச் சரக்கு. ட்ரேயில் கிடந்ததோ நாலு கம்பெனி. பழையவை இரண்டே இரண்டு. மற்ற பத்தும் எதிர்ச் சாரி மருந்துக் கடையில் வாங்கி, எனக்குத் தெரியாமல் செருகி வைத்தவை. இத்தனை நாளும் உடையாமல் இருந்தது என் பெருமை மட்டும்தான்.

நர்சுகளைக் கூப்பிட்டு, உடைந்ததிலிருந்த பாதரசம் எங்கே போயிற்று என்று கேட்டேன். கடைசியாகச் சேர்ந்த பெண்தான் வாயைத் திறந்தாள். "நாங்கதான் ஆயாம்மாவ வாரச் சொல்லுவோம் சிஸ்டர். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல வாரி ஊசி மருந்துக் குப்பியில போட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்ககிட்டயும் சொல்ல மாட்டாங்க."

ஆயாம்மா என்றாலும் அவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். காசிமேட்டில் குடியிருந்தாள், புருஷன் விசைப்படகில் போகிறவன். அவர்களுடைய மூன்று வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சலில் இரண்டு தடவை வலிப்பு வந்திருந்தது. பாதரசத்தை உருண்டையாக இறுக வைத்து, ரசமணியாக்கிக் குழந்தையின் இடுப்பில் கட்டினால் வலிப்பு அண்டாது என்று திருவொற்றியூரில் யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் ஒன்றரை வருடமாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்திருக்கிறாள். "இந்த அமாவாசைக்கு அந்த ஆள் வீட்டுக்கே வந்து அடுப்புல வச்சு மணியாக் கட்டித் தர்றாராம்" என்றாள் அந்த நர்ஸ்.

அமாவாசைக்கு நாலு நாள்தான் இருந்தது. ஒற்றை அறை வீடு, மண்ணெண்ணெய் ஸ்டவ், பக்கத்திலேயே குழந்தை.

டியூட்டி முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். வகுப்பில் கேட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்து, குப்பியைக் கொடு என்று கை நீட்டினேன். அவள் அசையவில்லை.

"நீங்க கீழ போட்டு ஒடச்சத நான் பொறுக்கி எட்த்தேன். திருடிக்கினா வந்தேன்?"

"திருட்டுன்னு யாரும்மா சொன்னா? அது விஷம். குழந்தை இருக்கிற வீட்ல அதை வச்சிருக்கவே கூடாது."

"வெஷம்னா எங் கையால ஏன் சிஸ்டர் வாரச் சொன்னீங்க? நான் மட்டும் சாவலாமா?"

சொன்னது நர்சுகள் என்று தப்பித்திருக்கலாம்தான். ஆனால் அவர்களை ஒளிக்க வைத்தது என் சட்டம், என் வாய். "தப்பு என்னோடதும்மா, மன்னிச்சிடு" என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

அவள் முகம் கொஞ்சம் தணிந்தது, பிடி தளரவில்லை. "அப்ப மொதல்ல உங்க ஆஸ்பத்திரில கீறத எல்லாம் எட்த்துடு. அப்பால நான் இதக் குடுக்கறேன். அங்க இருந்தா மருந்து, எங்க வூட்ல இருந்தா வெஷமா?"

நியாயமான கேள்வி. அதுவரைக்கும் குப்பியை ஸ்டவ் பக்கம் கொண்டுபோகக் கூடாது, குழந்தை கைக்கு எட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்து, பாதரச தெர்மாமீட்டர்களை எடுத்துவிட்டு டிஜிட்டல் வாங்கலாம் என்றேன். "பேட்டரி போட்ட பொம்மையை நம்பி நான் வைத்தியம் பார்க்கணுமா?" என்று சிரித்தார். நம்ப வேண்டாம், இரண்டு நாள் சோதித்துப் பாருங்கள் என்றேன். என் கைக்காசில் இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, ஒவ்வொரு தாய்க்கும் ஒரு அக்குளில் பழைய கண்ணாடி தெர்மாமீட்டரையும் மறு அக்குளில் டிஜிட்டலையும் வைத்து, இரண்டையும் சார்ட்டில் குறித்தேன். வார்டில் கேலிக்குக் குறைவில்லை. "இன்னா சிஸ்டர், ரெண்டு பக்கமும் காய்ச்சல் வேற வேறயா அடிக்குமா?" என்று ஒரு தாய் கேட்டுவிட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். மூன்றாம் நாள் சார்ட்டுகளைக் கொண்டுபோய் மேசைமேல் போட்டேன். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. "எடுத்துத் தொலை" என்றார். எனக்கு அது ஆசீர்வாதம் மாதிரிக் கேட்டது.

அன்றுதான் அமாவாசைக்கு முந்தின நாள். பன்னிரண்டு தெர்மாமீட்டர்களையும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கினேன். பாதரசக் குப்பிக்கென்று, மூடி இறுகும் சின்ன ஜாடி ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். குப்பைக்கும் சாக்கடைக்கும் போகாமல், முறையாக எடுத்துப் போகிறவர்கள் வரும்வரை வெளி ஷெட்டில் பூட்டி வைப்பதாக ஏற்பாடு. ஆயாம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக டாக்டரம்மாவின் மேசையைப் பார்த்தாள்.

"அந்த பிபி பொட்டில வெள்ளையா ஏறி எறங்குதே, அது இன்னாது?"

அதுவும் பாதரசம்தான், அதை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருடமாக அவர் கை பழகிய பெட்டி அது. அதை மூடிக் கொக்கியை மாட்டி, தன் கையாலேயே தூக்கிவந்து டப்பாவின் பக்கத்தில் வைத்தார். "முள்ளு வச்ச பிபி மிஷின் ஒண்ணு வாங்கச் சொல்லு" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

ஆயாம்மா இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தாள். ரப்பர் மூடி போட்ட குப்பியின் அடியில் பாதரசம் வெள்ளியாகத் திரண்டு கிடந்தது. கண்ணை எடுக்காமல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜாடித் தண்ணீருக்குள் விட்டாள். நான் மூடியை இறுக்கினேன்.

"நாளைக்கு எம் பொண்ணு இடுப்புல கட்ட இருந்தத வாங்கிக்கினீங்க. மறுக்கா இழுப்பு வந்தா நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"பெரியாஸ்பத்திரியில குழந்தைங்க டாக்டர்கிட்டக் காட்டுவோம். நானே கூட வரேன். நாளைக்குக் காலையில தூக்கிட்டு வா."

"நாளைக்கு இன்னாத்துக்கு? கேட்டாண்ட என் தங்கச்சி தூக்கிக்கினு நிக்கிது."

நான் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கேட்டுக்குப் போய்க் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஆயாம்மா ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினாள்.